கிளேர்வாயன்ஸ் என்னும் ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது?

செந்தூல் மொழிபெயர்ப்பாளர், கோலாலம்பூர்:

அனைவருக்கும் வணக்கம். ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழாக்கித் தரும் வேலையைப் பகுதிநேரமாகச் செய்து வருகிறேன். இந்த மாதம் ஓர் இதழுக்காக எடுத்துக்கொண்ட மூன்று கட்டுரைகளிலும் கிளேர்வாயன்ஸ் என்னும் சொல் வந்தது. கையில் இருந்த அகராதியைப் பார்த்துவிட்டு, மூன்று இடங்களிலும் ‘தீர்க்கதரிசனம்’ என்று எழுதி அனுப்பினேன். இதழாசிரியர் மூன்றையும் வட்டமிட்டு, “மூன்றுமே பொருந்தவில்லை, ஆனால் மூன்றும் ஒரே காரணத்தால் பொருந்தாமல் போகவில்லை” என்று ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார். அதற்கு மேல் விளக்கம் கேட்கலாம் என்றால் அவர் தொலைபேசியை எடுப்பதில்லை.

முதல் கட்டுரை பழைய இங்கிலாந்துக் கிராம வாழ்க்கையைப் பற்றியது. அதில் ஒரு மூதாட்டிக்கு இந்த ஆற்றல் இருந்ததாக ஊரார் நம்புகிறார்கள். தொலைந்த மோதிரம் எந்த வீட்டில், எந்தப் பெட்டிக்கு அடியில் கிடக்கிறது என்பதை அவர் நாற்காலியை விட்டு எழாமலே சொல்லிவிடுவாராம். இரண்டாவது, பினாங்கு ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளைப் பற்றியது. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நீங்கியதையும், 2008இல் அந்நகர் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்ததையும் சொல்லிவிட்டு, “வாடகை இன்னும் ஏறும் என்று சொல்வதற்குக் கிளேர்வாயன்ஸ் தேவையில்லை” என்று கட்டுரையாளர் முடிக்கிறார். மூன்றாவது ஒரு தொழிலதிபரைப் பாராட்டும் கட்டுரை. அவருடைய கிளேர்வாயன்ஸ்தான் நிறுவனத்தைக் கடனில் மூழ்காமல் காத்தது என்கிறது.

ஞானக்கண், தொலைநோக்கு, தூரதிருஷ்டி என்று பல சொற்கள் மனத்தில் வந்து போகின்றன. எதை எங்கே வைப்பது என்று தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன். ஆங்கிலத்தில் அச்சொல்லின் எல்லை எது என்பதும் எனக்குத் தெளிவாக வேண்டும்.

ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர், ஜார்ஜ்டவுன்:

வணக்கம் அம்மா. உங்கள் இதழாசிரியர் கொஞ்சம் கடுமையானவராகத் தெரிந்தாலும், அவர் ஓரத்தில் எழுதிய வரி சரியானது.

முதலில் சொல்லின் உடம்பைப் பார்த்துவிடுவோம். அது பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. ‘கிளேர்’ என்ற முற்பகுதிக்குத் தெளிவு என்றும், ‘வாயன்ஸ்’ என்ற பிற்பகுதிக்குக் காணுதல் என்றும் பொருள். ஆக, சொல்லுக்குள் இருப்பது தெளிவாகக் காண்பது என்பது மட்டுமே. காலத்தைக் குறிக்கும் எந்த உறுப்பும் அதில் இல்லை. எதிர்காலத்தை அறிவது என்ற பொருளை நாம் முதலிலேயே உள்ளே வைத்துவிடுவதால்தான் தீர்க்கதரிசனம் என்று எழுதத் தோன்றுகிறது.

இன்றைய ஆங்கிலத்தில் அதன் கண்டிப்பான பொருள், கண்ணுக்கும் மற்றப் புலன்களுக்கும் எட்டாத ஒன்றை அப்புலன்களின் உதவியில்லாமலே காண்பதாகச் சொல்லப்படும் ஆற்றல் என்பதாகும். மூடிய பெட்டிக்குள் இருப்பது, சுவருக்கு அப்பால் நடப்பது, பல நூறு மைல் தொலைவில் இந்த நொடியில் எரிந்துகொண்டிருக்கும் வீடு ஆகிய இவைதாம் அதன் சரியான எடுத்துக்காட்டுகள். உங்கள் மூதாட்டியின் மோதிரமும் அந்த வகையைச் சேர்ந்தது. மோதிரம் நாளைக்கு வரப்போவதில்லை. இப்போதே ஒரு பெட்டிக்கு அடியில் கிடக்கிறது. எல்லாருக்கும் மறைந்திருப்பது அவருக்கு மட்டும் தெரிகிறது, அவ்வளவே. அங்கே தீர்க்கதரிசனம் என்று எழுதினால், மோதிரம் இனிமேல்தான் தொலையப்போகிறது என்று வாசகர் நினைத்துக்கொள்ள இடமுண்டு.

நம்மிடையே இதற்கு ஒப்பான வழக்கம் ஒன்று நெடுநாளாக இருக்கிறது. வீட்டில் நகை காணாமற்போனால், வெற்றிலையில் மை தடவி, அதில் ஒரு சிறுவனையோ சிறுமியையோ உற்றுப் பார்க்கச் சொல்லி, எடுத்தவர் யார், பொருள் எங்கே என்று கேட்பார்கள். தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மை போட்டுப் பார்ப்பவரைத் தேடிப் போகிறவர், தம் மகளுக்கு எப்போது திருமணம் ஆகும் என்று கேட்பதற்காகப் போவதில்லை. அதற்குச் சாதகம் இருக்கிறது, கிளிக்கூண்டோடு உட்கார்ந்திருக்கும் சோதிடர் இருக்கிறார். மை வேறு, சாதகம் வேறு என்று நம் பாட்டிமார்கள் பிரித்து வைத்திருந்த அதே கோட்டின் மறைபொருட் பக்கத்தில்தான் கிளேர்வாயன்ஸ் நிற்கிறது.

இலக்கண வகையில் சில செய்திகளும் உண்டு. அது எண்ண முடியாத பெயர்ச்சொல்; ஆகையால் பன்மையாக்கவோ, முன்னால் ‘ஒரு’ என்பதைச் சேர்க்கவோ கூடாது. ஆற்றல் உடையவரைக் குறிக்க கிளேர்வாயன்ட் என்பார்கள். அது பெயராகவும் அடையாகவும் வரும். ஒலிக்கும்போது நடுவில் உள்ள ‘வாய்’ என்ற அசையை அழுத்த வேண்டும். மலேசியாவில் பலர் முதல் அசையை அழுத்திவிடுகிறார்கள். நாற்பது ஆண்டுகள் வகுப்பறையில் அதைத் திருத்திப் பார்த்தேன். பயன் அதிகம் இல்லை.

செராஸ் இளைஞன், கோலாலம்பூர்:

ஆசிரியர் ஐயா சொல்வதை மதிக்கிறேன். ஆனால், நான் பார்த்த ஆங்கில அகராதிகளில், எதிர்காலத்தை அறியும் ஆற்றல் என்றும் அதே சொல்லுக்குப் பொருள் போட்டிருக்கிறார்கள். படங்களிலும் தொடர்களிலும் கிளேர்வாயன்ட் என்று அழைக்கப்படும் பாத்திரங்கள் பெரும்பாலும் வரப்போவதைத்தான் சொல்கின்றன. வழக்கில் அப்படி இருக்கும்போது, அது தவறு என்று சொல்ல முடியுமா? அக்கா எழுதிய இரண்டாவது வாக்கியமே வாடகை இனிமேல் ஏறுவதைப் பற்றியதுதானே?

ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர், ஜார்ஜ்டவுன்:

தம்பி, தவறு என்று நான் சொல்லவில்லை. பொது வழக்கில் எதிர்காலமும் உள்ளே வந்துவிட்டது என்பது உண்மை. அகராதி அதைப் பதிவு செய்கிறது. நான் சொன்னது கண்டிப்பான பொருளை. அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால், இரண்டு பொருளும் ஒன்றோடொன்று எப்படி ஒட்டிக்கொண்டன என்பது விளங்கும்.

பிரெஞ்சில் இச்சொல் பல நூற்றாண்டுகளாக மதிநுட்பம் என்ற பொருளில் வழங்கி வந்தது. 1784இல் புய்செகூர் என்னும் பிரெஞ்சுப் பிரபு, உடலில் ஓடும் காந்தத் திரவத்தைக் கொண்டு நோய் தீர்ப்பதாகச் சொன்ன மெஸ்மர் என்னும் மருத்துவரிடம் கற்ற முறையைத் தம் ஊரான புசான்சியில் இருந்த விக்டர் ராஸ் என்னும் உழவரிடம் கையாண்டபோது, அவர் உறக்கம் போன்ற ஒரு நிலைக்குப் போனார். அந்த நிலையிலும் பேசினார். விழித்திருக்கும்போது பேசுவதைவிடத் தெளிவாகவும் பேசினார் என்று பதிவாகியிருக்கிறது. அதன்பின் இத்தகைய உறக்கத்தில் ஆழ்ந்தவர்கள், மூடிய கண்ணோடு தம் உடலுக்குள்ளும் பிறர் உடலுக்குள்ளும் இருக்கும் நோயைக் காண்கிறார்கள் என்ற நம்பிக்கை பரவிற்று. அந்தக் காட்சிக்குத்தான் தெளிவாகக் காணுதல் என்ற பழைய சொல்லை எடுத்து மாட்டினார்கள். 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இந்தப் புதிய பொருளோடு அது ஆங்கிலத்துக்குள் வந்து நிலைபெற்றது. அதே 1784இல், அறிவியலாளர்களான பிராங்கிளினும் லவாய்சியேயும் இருந்த அரச ஆணைக்குழு ஒன்று மெஸ்மரின் முறையை ஆராய்ந்து, அவர் சொன்ன காந்தத் திரவம் என்று ஒன்று இல்லை, விளைவுகள் கற்பனையால் வருபவை என்று முடிவு கூறியது. ஆணைக்குழு என்ன சொன்னால் என்ன, சொல் பிழைத்துக்கொண்டது.

நோயைக் கண்டு சொல்பவர், அது எப்போது தீரும் என்பதையும் சேர்த்துச் சொல்லாமல் இருப்பாரா? இப்படித்தான் மறைந்ததைக் காண்பது, வருவதைக் காண்பதாகவும் நீண்டது. பின்னால் ஆய்வு என்று வந்தவர்கள் இந்தக் குழப்பத்தைப் பிரிக்க வேண்டியிருந்தது. 1882இல் இலண்டனில் உளநிலை ஆய்வுக் கழகம் தோன்றிய அதே ஆண்டில், ஒருவர் மனத்தில் இருப்பதை இன்னொருவர் அறிவதற்கு டெலிபதி என்ற சொல்லை மயர்ஸ் என்பவர் படைத்தார். அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தில் ரைன் என்பவர் 1930களில் சீட்டுகளை வைத்துச் சோதனை செய்தபோது இந்த வேறுபாடு இன்னும் கூர்மையானது. வட்டம், கூட்டல் குறி, அலை, சதுரம், விண்மீன் ஆகிய ஐந்து உருவங்கள், ஒவ்வொன்றும் ஐந்து முறை, ஆக 25 சீட்டுகள். ஒருவர் சீட்டைப் பார்த்துக்கொண்டிருக்க, மற்றவர் அதைச் சொன்னால் டெலிபதி. எவரும் பார்க்காமல் கவிழ்ந்து கிடக்கும் சீட்டைச் சொன்னால் கிளேர்வாயன்ஸ். இனிமேல் குலுக்கப்போகும் கட்டின் வரிசையைச் சொன்னால் அதற்கு மூன்றாவதாக, முன்னறிதல் என்று பொருள்படும் வேறு சொல். கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலே சராசரியாக ஐந்து சரியாக வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதைவிட மிகுதியாக வந்ததாக ரைன் அறிவித்த முடிவுகள், கட்டுப்பாட்டை இறுக்கிப் பிறர் செய்து பார்த்தபோது நிலைக்கவில்லை. ஆற்றல் உண்டா இல்லையா என்ற வழக்கை நாம் இங்கே நடத்த வேண்டாம். சொல்லின் எல்லையை அவர்கள் எங்கே போட்டார்கள் என்பதற்காகவே இதைச் சொன்னேன்.

தம்பி கேட்ட இரண்டாவது வாக்கியத்துக்கு வருகிறேன். அங்கே அச்சொல் கேலிக்காக வருகிறது. ஆங்கில நாளிதழ்களில் இதை எதிர்மறையில்தான் மிகுதியாகப் பார்ப்பீர்கள்: ‘இதை அறிய அந்த ஆற்றல் வேண்டியதில்லை’, ‘எனக்கு ஒன்றும் அந்த ஆற்றல் கிடையாது’ என்ற போக்கில் வரும். எழுதுபவர் அந்த ஆற்றலை நம்புகிறாரா என்ற கேள்வியே அங்கே எழாது. இவ்வளவு வெளிப்படையாகத் தெரிவதற்கு மந்திரமா வேண்டும் என்பதே கருத்து. ஆகவே அங்கே கனமான சமயச் சொல்லைப் போட்டால் கேலி செத்துவிடும். உங்கள் இதழாசிரியர் தீர்க்கதரிசனத்தை அடித்ததற்கு அங்கே இதுவே காரணமாக இருக்க வேண்டும்.

கணக்காளர், பெட்டாலிங் ஜெயா:

மூன்றாவது வாக்கியத்தைப் பற்றி எனக்கு ஓர் ஐயம் இருக்கிறது, அக்கா. அந்தக் கட்டுரையை எழுதியவர் பிரெஞ்சுக்காரரா என்று பார்க்க முடியுமா?

நான் முன்பு வேலை செய்த நிறுவனத்தின் தலைமையகம் பாரிசில் இருந்தது. ஒரு முறை, வாடிக்கையாளர் ஒருவரின் கணக்கில் ஏதோ சரியில்லை என்று கண்டு, அவருக்குக் கடன் தவணை கொடுப்பதை நான் நிறுத்தி வைத்தேன். ஆறு மாதத்தில் அவர் கடையை மூடிவிட்டார். தலைமையகத்திலிருந்து ஆங்கிலத்தில் பாராட்டு மின்னஞ்சல் வந்தது. அதில் என்னுடைய கிளேர்வாயன்ஸுக்கு நன்றி என்று இருந்தது. அலுவலகம் முழுக்க அந்த மின்னஞ்சல் சுற்றியது. மறுநாள் காலையில் என் மேசையில் ஒரு எலுமிச்சம்பழமும் இரண்டு ஊதுவத்தியும் வைத்திருந்தார்கள். மலாய் நண்பர்கள் அதன்பின் ஓராண்டு வரைக்கும் என்னைப் ‘பொமோ’, அதாவது மந்திரவாதி, என்றே அழைத்தார்கள். நான்கு இலக்கப் பரிசுச் சீட்டுக்கு என்ன நம்பர் எடுக்கலாம் என்று காவலாளி அண்ணன்கூடக் கேட்டுவிட்டார்.

பிறகு பாரிசிலிருந்து வந்த மேலாளரிடம் இதைச் சொன்னபோது அவர் திகைத்துப்போனார். அவர்கள் மொழியில் அச்சொல் இன்றும் மதிநுட்பம், நிலைமையைச் சரியாக எடைபோடும் தெளிவு என்றே வழங்குகிறதாம். ஆசிரியர் ஐயா சொன்ன பழைய பொருள் அங்கே சாகவில்லை. எழுத்துகள்கூட மாறாத இந்தச் சொல், கடலைக் கடந்ததும் ஆளையே மாற்றிக்கொண்டது.

செந்தூல் மொழிபெயர்ப்பாளர், கோலாலம்பூர்:

தங்கை, நீங்கள் சொன்னதும் எடுத்துப் பார்த்தேன். கட்டுரையின் அடியில், பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டது என்று சிறிய எழுத்தில் இருக்கிறது. நான் அதைக் கவனிக்கவே இல்லை. எனக்கு முன்னால் இருந்த மொழிபெயர்ப்பாளர் வடிவத்தைப் பார்த்து ஏமாந்திருக்கிறார். அவரைப் பார்த்து நான் ஏமாந்திருக்கிறேன். அங்கே தொழிலதிபருக்கு எந்தத் திருஷ்டியும் வேண்டாம், ‘கூர்மதி’ என்றோ ‘நிலைமையைத் தெளிவாகக் கணிக்கும் திறன்’ என்றோ எழுதினால் போதும் என்று நினைக்கிறேன். தொலைநோக்கு என்று போடலாமா என்றும் ஓர் எண்ணம் இருந்தது.

ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர், ஜார்ஜ்டவுன்:

தொலைநோக்கு வேண்டாம் அம்மா. வாவாசான் 2020 என்ற மலேசிய அரசின் வளர்ச்சித் திட்டக் காலத்திலிருந்து தொலைநோக்கும் தூரநோக்கும் திட்டம், இலக்கு என்ற பொருளில் நம் காதில் ஊறிவிட்டன. தொழிலதிபர் நீண்டகாலத் திட்டம் தீட்டினார் என்று வாசகர் எடுத்துக்கொள்வார். ஆனால், கட்டுரை சொல்வது அவர் கண்முன் இருந்த நிலைமையை மற்றவர்களைவிடத் தெளிவாகக் கண்டார் என்பதை. கூர்மதி பொருத்தமானது. வரப்போகும் ஆபத்தை முன்பே அறிந்து காத்தார் என்ற சாயலும் வேண்டுமானால், 429ஆம் குறளில் ‘எதிரதாக் காக்கும் அறிவினார்’ என்று வள்ளுவர் எவ்வளவு அழகாகச் சொல்லிவிட்டார்! அங்கே அறிவுதான் காக்கிறது, அருள்வாக்கு இல்லை.

தூரதிருஷ்டியையும் விட்டுவிடுங்கள். திருஷ்டி என்றால் பூசணிக்காய் உடைப்பதைத்தான் இன்று பலரும் நினைக்கிறார்கள். தூரப்பார்வை என்றால் கண்ணாடிக் கடைக்கு அனுப்பிவிடுவார்கள்.

பள்ளி நூலகர், புக்கிட் மெர்த்தாஜாம்:

சகோதரிக்கும் ஐயாவுக்கும் வணக்கம். முதல் வாக்கியத்துக்கு ஞானதிருஷ்டி என்ற சொல்லை நான் பரிந்துரைக்கிறேன். அதற்குக் காரணம் தமிழ் வேதாகமத்தில் இருக்கிறது. ஞாயிறு பள்ளியில் பலமுறை வாசித்த பகுதிதான். ஆனால் இந்த உரையாடலைப் படித்த பிறகே அதில் என்ன நடக்கிறது என்பது எனக்கு விளங்கியது.

முதலாம் சாமுவேல் ஒன்பதாம் அதிகாரத்தில், சவுலின் தகப்பனுடைய கழுதைகள் காணாமற்போகின்றன. சவுலும் வேலைக்காரனும் மலைநாடெங்கும் தேடியும் கிடைக்காமல், கடைசியில் சாமுவேலிடம் போகிறார்கள். அவ்விடத்தில், அந்நாளில் தீர்க்கதரிசி எனப்படுகிறவர் முற்காலத்தில் ஞானதிருஷ்டிக்காரன் எனப்பட்டார் என்ற விளக்கம் ஒன்பதாம் வசனத்தில் வருகிறது. தேடிப்போனவர்கள் கேட்க வந்தது கழுதைகள் எங்கே என்பதைத்தான். நாட்டின் எதிர்காலத்தைக் கேட்க அவர்கள் வரவில்லை. அவர்கள் வாய் திறந்து கேட்பதற்கு முன்பே, கழுதைகள் கிடைத்துவிட்டன, கவலைப்பட வேண்டாம் என்று சாமுவேல் சொல்லிவிடுகிறார்.

ஆக, காணாமற்போனதைக் கண்டு சொல்பவருக்கு ஞானதிருஷ்டிக்காரன் என்றும், கடவுளின் வாக்கை மக்களிடம் எடுத்துச் சொல்பவருக்குத் தீர்க்கதரிசி என்றும் தமிழில் ஏற்கெனவே பிரித்து வைத்திருக்கிறார்கள். தீர்க்கதரிசிக்குரிய ஆங்கிலச் சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது. அதன் வேரில் இருப்பது பேசுதல். ஞானதிருஷ்டியின் வேரில் இருப்பது பார்த்தல். மூதாட்டியும் மோதிரமும் சவுலின் கழுதைகளோடு சேர வேண்டியவை.

மலாய்மொழி ஆசிரியர், கெப்பாலா பத்தாஸ்:

பார்த்தல் என்று நூலகர் அம்மா சொன்னதும் எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. மலாய்மொழியில் ‘திலிக்’ என்றால் ஒன்றைக் கவனமாக உற்றுப் பார்ப்பது. அதே சொல் மறைந்ததை உள்ளாற்றலால் காண்பதையும் குறிக்கும். குறி சொல்பவர் ‘துக்காங் திலிக்’. ‘தெனோங்’ என்ற சொல்லும் அப்படியே. வெறித்துப் பார்ப்பதும் அதுதான், குறி பார்ப்பதும் அதுதான். தமிழில் நாம் சாதகம் பார்க்கிறோம், குறி பார்க்கிறோம், மை போட்டுப் பார்க்கிறோம். அருள்வாக்குக் கேட்கப் போவதை இந்நாட்டில் ‘சாமி பார்க்கப் போனார்’ என்றே சொல்கிறோம். பிரெஞ்சுக்காரர்கள் தெளிந்த பார்வை என்று தொடங்கி உறக்கத்தில் நோய் காண்பதில் போய் முடித்தது அப்படி ஒன்றும் விசித்திரமாகத் தோன்றவில்லை.

இன்னொன்றும் சொல்லலாம். மலாய் நாட்டுப்புறக் கதைகளில் வரும் பாக் பெலாலாங் என்னும் போலி நிமித்திகரை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். கதையின் ஒரு வடிவில் அரசர் ஒரு வெட்டுக்கிளியைப் பிடித்துக் கைக்குள் மூடிக்கொண்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கிறார். உயிர் போகப்போகிறது என்று நினைத்த அந்த மனிதர், தம் மகன் பெலாலாங்கை நினைத்துப் பெயர் சொல்லிப் புலம்புகிறார். பெலாலாங் என்றால் மலாயில் வெட்டுக்கிளி! விடை சரியாகிவிடுகிறது. அரசர் வைத்த தேர்வு எதிர்காலத்தைப் பற்றியது அன்று, மூடிய கைக்குள் இருப்பதைப் பற்றியது என்பதைக் கவனியுங்கள். ரைனின் கவிழ்த்த சீட்டுக்கு இது எவ்வளவோ முந்தியது. ஆனால், ஐயாவின் கணக்குப்படி அரசருக்கு விடை தெரியும் என்பதால் இதை டெலிபதிக்கான தேர்வு என்றும் யாராவது வாதாடக்கூடும்.

செராஸ் இளைஞன், கோலாலம்பூர்:

இப்போது எனக்கும் விளங்குகிறது. 2014 மார்ச்சில் எம்எச்370 விமானம் காணாமற்போனபோது, கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தில் ஒரு பொமோ தேங்காய்களோடு வந்து, மூங்கிலால் செய்த இரட்டைக்குழல் போன்ற ஒன்றைக் கண்ணில் வைத்துப் பார்த்த படம் உலகமெங்கும் போனது. தவித்துக்கொண்டிருந்த குடும்பங்களை நினைத்து அன்றைக்குப் பலருக்குக் கோபம் வந்தது, எனக்கும் வந்தது. இருந்தாலும், அவர் செய்வதாகச் சொன்னது எது என்று இன்று கேட்டால், விமானம் இப்போது எங்கே இருக்கிறது என்று பார்ப்பதுதான். அதைத் தீர்க்கதரிசனம் என்று எவரும் சொல்ல மாட்டோம். நான் முதலில் சொன்னதில் பாதியை விட்டுக்கொடுக்கிறேன். மறுபாதி, அதாவது பொது வழக்கில் எதிர்காலமும் அடங்கும் என்பது, நிற்கிறது.

செந்தூல் மொழிபெயர்ப்பாளர், கோலாலம்பூர்:

அனைவருக்கும் மிக்க நன்றி. உங்கள் கருத்துகளை வைத்து மூன்றையும் திருத்தி எழுதியிருக்கிறேன்.

முதலாவது: “தொலைந்த பொருள் கிடக்கும் இடத்தை இருந்த இடத்திலிருந்தே காணும் ஞானதிருஷ்டி அந்த மூதாட்டிக்கு இருந்ததாக ஊரார் நம்பினார்கள்.” இரண்டாவது: “வாடகை இன்னும் ஏறும் என்று சொல்வதற்கு மை போட்டுப் பார்க்க வேண்டியதில்லை.” மூன்றாவது: “நிலைமையைத் தெளிவாகக் கண்டுகொண்ட அவருடைய கூர்மதியே நிறுவனத்தைக் கடனில் மூழ்காமல் காத்தது.”

இரண்டாவது வாக்கியத்தை எழுதியபோது எனக்கே மகிழ்ச்சியாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர், ஜார்ஜ்டவுன்:

முதலாவதும் மூன்றாவதும் நன்றாக அமைந்துவிட்டன. மகிழ்ச்சியாக எழுதிய வாக்கியத்தில் கை வைப்பதற்கு மன்னிக்க வேண்டும், அம்மா. மை தொலைந்த பொருளுக்கு உரியது என்று நான்தானே பெரிதாகப் பிரித்துக் காட்டினேன்? வாடகை தொலைந்துபோகவில்லை, இனி வரப்போகிறது. நம் பாட்டிமார்கள் போட்ட கோட்டின்படி அது சாதகத்தின் பக்கம். “வாடகை இன்னும் ஏறும் என்று சொல்வதற்குச் சோதிடரிடம் போக வேண்டியதில்லை” என்று எழுதினால் கேலியும் கெடாது, காலமும் பொருந்தும். ஆங்கிலத்தில் ஒரே சொல் இரண்டு பக்கத்திலும் காலை வைத்துக்கொண்டு நிற்கிறது. தமிழில் அதற்கு இடம் இல்லை.

செந்தூல் மொழிபெயர்ப்பாளர், கோலாலம்பூர்:

வருத்தத்தோடு ஏற்றுக்கொள்கிறேன், ஐயா. சோதிடர் என்றே மாற்றிவிட்டேன். ஒரே ஒரு சிறிய கேள்வி மீதி இருக்கிறது. முதல் கட்டுரையோடு ஒரு பழைய படம் வருகிறது. கடற்கரையில் ஒரு சிறிய கூடாரம், வாசலில் கிளேர்வாயன்ட் என்று பலகை. படத்தின் கீழே ஞானதிருஷ்டிக்காரர் என்று எழுதினால் பலகைக்கு மரியாதை அதிகமாகிவிடுவது போல் தோன்றுகிறது.

பள்ளி நூலகர், புக்கிட் மெர்த்தாஜாம்:

காசு வாங்கிக்கொண்டு கூடாரத்தில் உட்கார்ந்திருப்பவர்தானே, சகோதரி? ‘குறிசொல்பவர்’ என்று எழுதிவிடுங்கள். சாமுவேலை அந்தப் பலகைக்கு இழுக்க வேண்டாம்.